இரண்டு முன்பற்களின் தேசம்

எங்கள் ஊருக்கு மேலே, மலையில், ஒரு நாடு இருக்கிறது. மலை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆட்சிப்பரப்பு என்று சொல்ல வேண்டும். ஒரு மடம், ஒரு கோவில், ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு தபால் நிலையம், ஒரு சிறை, ஒன்பது சிப்பாய்கள். முழுப்பெயர், சான் ப்ரிமித்திவோ சுதந்திரக் கத்தோலிக்கத் தனியரசு. நாலா பக்கமும் இத்தாலி. அந்த நாட்டுக் கோழி வேலி தாண்டி வந்து எங்கள் பக்கம் முட்டை போட்டால் அது வெளியுறவுப் பிரச்சினை. ஒரு தடவை அப்படி நடந்து, ரோமாபுரியிலிருந்து ஆள் வந்து முட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாட்டில் யாரும் பிறப்பதில்லை, ஏனென்றால் பெண்களே கிடையாது. வேலை இருந்தால் குடியுரிமை உண்டு, வேலை போனால் நாடும் போய்விடும். சமையற்காரன் சூப்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டால், மறுநாள் காலையில் கரண்டியோடு அகதியாக இறங்கி வருவான். இப்படி வந்தவர்கள் எங்கள் ஊரில் ஒரு தெரு நிறைய இருக்கிறார்கள்.

நான் பல் டாக்டர். அந்த நாட்டைப் பற்றி நான் கெட்டதாகப் பேசுவது நன்றி கெட்டதனம் என்று தெரியும், என் வருமானத்தில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் உருண்டு வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். வயிறு எரிகிறது, அதனால் சொல்கிறேன்.

நெப்போலியன் காலத்தில் ஒரு பிரெஞ்சுத் தளபதி இந்த மலையைப் பிடிக்க வந்தான். அப்போதிருந்த மடாதிபதி தெற்கு வாசலில் நின்று, இரும்புக் கையுறையோடு அவன் வாயில் ஓங்கி ஒரு அறை விட்டார். தளபதி திரும்பிப் போய்விட்டான். அவன் வழி தவறி வந்தவன், சாப்பாட்டு நேரம் வேறு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மலைமேல் அப்படிச் சொன்னால் சிறை. அந்த அறையிலிருந்துதான் அவர்கள் வக்கீல்கள் ஒரு சட்டம் எடுத்தார்கள்: வாசலில் அந்நியனை அடிக்கவும் முடிய வேண்டும், ஏன் அடித்தாய் என்று எந்த அந்நிய நீதிமன்றமும் கேட்காமலும் இருக்க வேண்டும். அது முடிகிறவரைக்கும் இது நாடு. ஆகவே வருஷா வருஷம், புனிதர் திருவிழா அன்று, பூசை முடிந்ததும் ஒரு அந்நியனுக்கு வாசலில் அறை. அந்நியன் என்றால் நாங்கள்தான், வேறு யார் இருக்கிறார்கள்?

பல வருஷம் அந்த அறையை வாங்கிக்கொண்டிருந்தவர் பெப்பே மாமா. கையுறைக்குள் பஞ்சு வைத்திருப்பார்கள். கன்னத்தில் சும்மா ஒரு தொடல். மாமா "ஐயோ, செத்தேன்!" என்று கத்திக்கொண்டு விழுவார். கூட்டம் கைதட்டும். அவருக்கு ஒரு பன்றித் தொடையும் ஒரு குடுவை ஒயினும் கிடைக்கும். போன குளிர்காலத்தில் அவர் நிஜமாகவே செத்துப்போனார். அடுத்து யார் அறை வாங்குவது என்று ஊரில் யாரும் பேசவில்லை. நீ போவாய் என்று நான் நினைத்தேன், நான் போவேன் என்று நீ நினைத்தாய். எங்கள் ஊர் எப்போதுமே இப்படித்தான்.

திருவிழா அன்று எங்கள் பாண்டு வாசலுக்கு வெளியே நின்றது. அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒற்றை டிரம்பெட்டில்தான் ஊத வேண்டும், ஆனால் அந்த நாட்டில் டிரம்பெட் ஊதத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. அதனால் அந்நியனான நஸரேனோதான் வருஷா வருஷம் ஊதுவான். முழுப் பன்றி சுட்டு வண்டியில் வைத்து விற்கிறவன், நல்ல மனுஷன். டிரம்பெட்டை வாயில் வைத்துவிட்டால் வேறு ஆள். கடைசி உச்சஸ்தாயியில் அவன் நிற்கும்போது எங்கள் ஊர் நாய்கள்கூட வாலை மடக்கி உட்கார்ந்துவிடும்.

கீதம் முடிந்தது. சிப்பாய்களின் தலைவன் கேப்டன் ஃபுல்ஜென்சியோ கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தான். பெப்பே மாமா இல்லை. ஒரு நாடு ஒழியப்போகிற நேரம். வாசலில் எல்லையாகப் பதித்த வெள்ளைப் பளிங்குக் கோட்டுக்கு மிக அருகில் நின்றவன் நஸரேனோ. கேப்டன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தான். விட்டான் ஒன்று. அவசரத்தில் பஞ்சு வைக்க மறந்துவிட்டார்கள். முன்பற்கள் இரண்டும் தெறித்துப் போய்ப் பளிங்குக்கு அந்தப் பக்கம் விழுந்தன, நஸரேனோ இந்தப் பக்கம் விழுந்தான். மடாதிபதி கூட்டத்தை ஆசீர்வதித்தார். உள்ளே மணி அடித்தது. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர், வெட்கத்தோடு சொல்கிறேன், பழக்கத்தில் கைதட்டிவிட்டார்கள்.

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்று என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். "டாக்டர், வலிக்கு அழல. அவங்க ஒரு வார்த்தை 'தப்பு'ன்னு சொல்லட்டும். சொன்னா போதும்" என்றான். அவன் கேட்டது அவ்வளவுதான், கடைசிவரை அவ்வளவுதான்.

முதலில் எங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். நிலையத் தலைவர் மாரெஷால்லோ ஷர்ரா மீசையைத் தடவிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"அடி எங்க விழுந்துச்சு?"

"வாய்ல."

"அது தெரியுதுய்யா. எந்த நாட்டுல விழுந்துச்சு?"

"உள்ள இழுத்துட்டான்."

ஷர்ரா பேனாவை மூடினார். "அப்ப சம்பவம் வெளிநாட்டுல. நான் தலையிட்டா அது போர்."

"ஏங்க, ரத்தம் பூரா இந்தச் சட்டையில இருக்கு. சட்டை இத்தாலியிலதானே இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"அந்த ரத்தம் இறக்குமதி டாக்டர். அதுக்கு நீங்க சுங்கத்துலதான் கேக்கணும்."

நஸரேனோவின் மனைவி அஸ்ஸுந்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மீசையைப் பாரு! தோட்டத்துல பறவை ஓட்ட நட்டு வச்சா அதுக்காவது உபயோகப்படுவ!" என்று சொல்லிவிட்டுப் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்து மலைமேல். பெண்களுக்கு அனுமதி இல்லை, நஸரேனோ தனியாகப் போனான். அங்கே மொன்சிஞ்ஞோர் பந்தோல்ஃபி என்று ஒரு பெரிய பாதிரியார் இருக்கிறார். வெளியுறவு அமைச்சர், தலைமை நீதிபதி, தபால் அதிகாரி, மூன்றும் அவரே. பின்னால் ஆணியில் மூன்று தொப்பிகள் தொங்கும். முதலில் தபால் தொப்பியைப் போட்டுக்கொண்டு, புகார் மனுவில் ஒட்டுவதற்கு நஸரேனோவிடம் ஒரு ஸ்டாம்பு விற்றார். அதில் புனிதர் படம்கூட இல்லை, கையுறைதான் இருந்தது. பிறகு அமைச்சர் தொப்பிக்கு மாறினார்.

"மகனே, உன் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. நீ யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அதுதான் அதோட அழகு! உன்ன அடிக்காம விட்டிருந்தா நாங்க யாரு? மலை மேல கொஞ்சம் வயசான ஆம்பளைங்க, கொஞ்சம் திராட்சை. அவ்வளவுதான். அடிச்சதால நாங்க ஒரு அரசு. உன் வாய்க்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்."

"அப்ப தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சாமி."

"சொல்லலாம். ஆனா நீ அந்நியன். அந்நியனோட புகார இந்த நாட்டுக் கோர்ட்டு காதுல வாங்காது. குடிமகன்தான் குடுக்கணும்."

"குடிமகன் ஆகறதுக்கு?"

"வேலை வேணும்."

"காலி இருக்குங்களா?"

பந்தோல்ஃபி இழுத்துப் பெருமூச்சு விட்டார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. பகைவன். பெப்பே போனதுலேர்ந்து இந்த நாட்டுக்குப் பகைவனே இல்ல. நாங்க பட்ட அவமானம் உனக்குத் தெரியாது. பகைவன் இல்லாத நாட்ட எவன் மதிக்கிறான்?"

நஸரேனோ யோசித்தான். புகார் கொடுக்க வேறு வழி தெரியவில்லை. கையெழுத்துப் போட்டான். சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட் கொடுத்தார்கள், தொழில் என்ற இடத்தில் 'அரசாங்கப் பகைவன்' என்று அழகான எழுத்தில் இருந்தது. பிறகு பதவிப் பிரமாணம். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து நின்றவனைக் கேப்டன் ஃபுல்ஜென்சியோ ஈட்டிக் கட்டையால் விலாவில் அடித்தான். பகைவனைப் பார்த்துவிட்டு அடிக்காமல் இருப்பது சிப்பாய்க்குத் தேசத்துரோகமாம். மற்ற எட்டுப் பேருக்கும் வேலை போய்விடும் என்ற பயம், ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்தது. விலா என் துறை இல்லை, இருந்தாலும் கட்டுப் போட்டுவிட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது பந்தோல்ஃபி நீதிபதித் தொப்பியில் இருந்தார். தீர்ப்பைப் படித்தார். ஒன்று, அடிபட்ட சமயத்தில் வாதி அந்நியன், ஆகவே புகார் கொடுக்க முடியாது. இரண்டு, இப்போது வாதி குடிமகன், ஆனால் பதவியால் பகைவன். பகைவன் சாட்சியை எந்த நாடாவது நம்புமா? மூன்று, பொய்ப் புகார் கொடுத்து நீதிமன்றத்தை அவமதித்ததற்குத் தாடையில் ஒன்று. நான்காவதாக, விழுந்த பற்கள் நாட்டின் இறையாண்மைக்குச் சான்று என்பதால் அரசுச் சொத்து. வெள்ளிப் பேழையில் வைத்துக் கோவிலில் வைக்கப்படும். "இவை எங்கே இருக்கின்றனவோ அங்கே சான் ப்ரிமித்திவோ இருக்கிறது" என்று ஆணை போட்டு முத்திரை குத்தினார்கள். ரோமாபுரியில் அவர்களுக்கு ஒரு பழைய குதிரைக் கொட்டில் உண்டு, அதற்கும் இதே வாசகம்தான். அந்தக் கொட்டிலுக்குள் இத்தாலியப் போலீஸ் கால் வைக்க முடியாது.

தாடை நீலம் பாரித்து வந்த புருஷனை அஸ்ஸுந்தா பார்த்தாள். பன்றி சுடும் அடுப்புக்குக் கீழே நெய் சொட்டும் தட்டு ஒன்று இருக்கும், கொதிக்கக் கொதிக்க அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். தெற்கு வாசலில் ஃபுல்ஜென்சியோ காவல் நின்றுகொண்டிருந்தான். "அம்மா, பெண்களுக்கு அனு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. முழுத் தட்டையும் அவன் கழுத்துப் பட்டைக்குள் ஊற்றிவிட்டாள். அவன் அலறிக்கொண்டு திராட்சைத் தோட்டத்தில் உருண்டான். தோல் உரிந்து தொங்கியது. உள்ளே மணிகள் எல்லாம் அடித்தன. நாங்கள் பயந்துபோய்க் கதவுகளைச் சாத்திக்கொண்டோம்.

பயமே தேவையில்லை. மலைமேல் ஒரே கொண்டாட்டம்! நெப்போலியன் காலத்துக்குப் பிறகு முதல் நிஜப் படையெடுப்பு. உலகத்தில் உள்ள எல்லாத் தூதரகங்களுக்கும் தந்தி அடித்தார்கள். அஸ்ஸுந்தாவுக்குக் கண்டனக் கடிதமும், அதோடு ஒரு வெண்கலப் பதக்கமும் வந்தது. அவள் பதக்கத்தைப் பன்றியின் வாயில், ஆப்பிள் வைக்கிற இடத்தில் வைத்து விற்பனைக்குப் போட்டாள்.

அந்தத் தந்திகளால்தான் வினை வந்தது. நாடுகளுக்கு நாற்காலி கொடுக்கிற ஒரு பெரிய சபை எங்கோ இருக்கிறது. அதில் சான் ப்ரிமித்திவோவுக்குத் தூணுக்குப் பின்னால் ஒரு முக்காலி. தந்தியைப் பார்த்துத்தான் இப்படி ஒரு நாடு இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வந்தது. இது நாடுதானா என்று பார்க்க மூன்று பேரை அனுப்புவதாக எழுதினார்கள். தேசிய கீதம் ஒலிக்காமல் வாசலைத் தாண்ட மாட்டோம், அது எங்கள் விதி என்றும் எழுதியிருந்தார்கள்.

பந்தோல்ஃபி நஸரேனோவைக் கூப்பிட்டு ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினான். காற்றும் எச்சிலும் கொஞ்சம் ரத்தமும் வந்தது. அடுப்பு ஊதுவதுபோல் புஸ் புஸ் என்று சத்தம். வேறு ஆள் வைக்கலாம் என்றால், எங்கள் பாண்டில் மிச்சம் இருப்பது பெரிய மேளமும் ஒரு கிளாரினெட்டும். பந்தோல்ஃபிக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே வெள்ளிப் பேழையோடு என் அறைக்கு வந்தார், பின்னால் சிப்பாய்கள், கொடி.

"டாக்டர், இத இவன் வாயில மறுபடி வைக்கணும்."

"செத்த பல்லு சாமி. நட முடியாது. தகட்டுல பதிச்சுத் தங்கக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டலாம்."

"கட்டுங்க. ஆனா பல்லு எங்க இருக்கோ அங்க எங்க நாடு. அதனால இன்னியிலேர்ந்து இவன் வாய் எங்க மண்ணு. மத்த உடம்பு பகைவன்."

"நான் உள்ள கைய விட்டு வேலை செய்யணுமே?"

அமைச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எனக்கு ஒரு நுழைவு அனுமதி எழுதிக் கொடுத்தார். வலது கைக்கு மட்டும். இடது கையால் கண்ணாடியைப் பிடித்தபோது ஒரு சிப்பாய் கோபத்தோடு இருமினான்.

வேலை முடிந்தது. எங்கள் அரசாங்கமும் ஆட்சேபம் இல்லை என்று ஷர்ராவுக்குத் தந்தி அனுப்பியது. ஒரு பன்றிக்காரன் வாய்க்காகச் சண்டை போட அவர்களுக்கு நேரம் ஏது? அன்றிலிருந்து நஸரேனோ கொட்டாவி விட்டால் சிப்பாய்கள் விறைத்து நின்று சலாம் போட வேண்டும். கழுத்தில் கட்டோடு ஃபுல்ஜென்சியோவும் போட்டான். நஸரேனோ ஒரு நாள் அவன் முன்னால் நின்று வேண்டுமென்றே கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். அதை நான் பார்த்தேன், சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மூன்று பேரும் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, வேர்வை. தெற்கு வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். நஸரேனோ டிரம்பெட்டை எடுத்தான். என் வேலையை நானே மெச்சக் கூடாது, ஆனால் அன்றைக்கு அவன் ஊதியதுபோல் முன்பு ஊதியதே இல்லை. கடைசி உச்சஸ்தாயி மலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அஸ்ஸுந்தா கூட்டத்தில் நின்று முந்தானியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் இடுப்பில் கட்டியிருந்தது பன்றி நெய்க் கறை படிந்த சமையல் துணி, அதைத்தான் முந்தானி என்கிறேன்.

வந்தவர்கள் வாசலைத் தாண்டினார்கள். மடாதிபதி, முழு உடையில், மெல்ல நடந்து வந்து நஸரேனோவின் முன் நின்றார்.

"ஆண்டவரே, ஒரு வார்த்தை. தப்புன்னு சொல்லிடுங்க. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்" என்றான் நஸரேனோ.

மடாதிபதி கனிவாகச் சிரித்தார். "மகனே, மனுஷங்கதான் தப்பு பண்ணுவாங்க. நாடு தப்பு பண்ணாது. நாடு பண்றதுக்குப் பேரு வரலாறு." சொல்லிவிட்டு, முத்தமிடுவதற்காக மோதிர விரலை நீட்டினார்.

நஸரேனோ குனிந்தான். உதடு மோதிரத்தில் பட்டது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கோழிக்காலை முறிக்கிற சத்தம். நான் பல் டாக்டர், பல சத்தம் கேட்டவன், இது கேட்டதில்லை. மடாதிபதி தன் கையைப் பார்த்தார். விரல் இருந்த இடத்தில் ரத்தம் பீறிட்டு வெள்ளை அங்கியில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் கத்தினார்.

ஃபுல்ஜென்சியோ கையுறையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் பாதியில் நின்றான். வாயில் அடித்தால் சொந்த நாட்டின் மீது தாக்குதல். நஸரேனோ விரலைப் பளிங்கில் துப்பினான். மோதிரம் உள்ளேயே இருந்துவிட்டது. போரை அறிவிக்காமல் அவன் வாயை யார் சோதனை போடுவது?

"கைது பண்ணுங்க!" என்று பந்தோல்ஃபி, வாசலுக்கு வெளியே கூட்டத்தோடு நின்ற எங்கள் மாரெஷால்லோவைப் பார்த்துக் கத்தினார்.

ஷர்ரா பேனாவைத் திறந்தார். "சம்பவம் எங்க நடந்துச்சு?"

"வாயில!"

"வாய் எந்த நாடு?"

ஷர்ரா பேனாவை மூடினார். பிறகு பந்தோல்ஃபி அவசரமாக நீதிபதித் தொப்பியை வரவழைத்துப் போட்டுக்கொண்டார். அங்கேயே யோசித்தார். கடித்தது அரசுச் சொத்தான பற்கள். கடித்த இடம் அரசு மண். அரசு தன்மீதே வழக்குப் போட முடியாது. தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கறுப்புக் கோட்டுக்காரர்கள் மூவரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். மூத்தவர் முன்னால் வந்தார். "இந்த மண்ணுல ஒருத்தர் விரல் போயிருக்கு. கேள்வி கேக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்ல. இது நாடுதான். எங்களுக்குத் திருப்தி. வாழ்த்துகள்" என்றார். பந்தோல்ஃபி ஆனந்தக் கண்ணீரோடு மடாதிபதியைக் கட்டிப்பிடித்தார். மடாதிபதி மயங்கிக் கிடந்தார். முக்காலிக்குப் பதிலாகச் சாய்வு உள்ள நாற்காலி வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் ஊர் ராத்திரி வரை குடித்தது. நஸரேனோவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினோம். நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, கம்பி தளர்ந்துவிட்டது என்று வந்தான். நடையே மாறியிருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டினான். விரலில் அந்த மோதிரம்.

"வாயத் திற நஸரேனோ."

"அனுமதிச் சீட்டு இருக்கா டாக்டர்?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "போன தடவ குடுத்தது முடிஞ்சுபோச்சு. புதுசு எழுதி வாங்கிக்குங்க" என்றான். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

அப்போதுதான் வாசலில் அஸ்ஸுந்தா நிற்பதைக் கவனித்தேன். கொதிக்கிற நெய்யைத் தூக்கிக்கொண்டு தனியாக மலை ஏறினவள், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து சிவந்திருந்தது.

"என்னம்மா இது?"

"சூப்பு ஆறிப்போச்சு டாக்டர்" என்றாள். "ஆறிப்போன சூப்ப வாய்க்குள்ள விட்டா நாட்டுக்கு அவமானமாம். 'இது தப்புடா'ன்னு சொன்னேன். 'நாடு தப்பு பண்ணாது'ன்னு சொல்றான். ஷர்ராகிட்ட ஓடினேன். பேனாவைத் திறந்துட்டு, எங்க நடந்துச்சுன்னு கேட்டான்."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். "தலையப் புடிச்சுக்கோ" என்று அஸ்ஸுந்தாவிடம் சொன்னேன். நல்ல கையாலும் முழங்காலாலும் பிடித்துக்கொண்டாள். அவன் உதைத்தான், கண்ணாடி அலமாரி உடைந்தது, என் கட்டைவிரலில் எலும்பு தெரியக் கடித்தான். நான் விடவில்லை. குறடைப் போட்டு, தகடு, கம்பி, பல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கி எடுத்துத் தரையில் போட்டு, பூட்ஸ் காலால் பொடியாகும்வரை மிதித்தேன். நஸரேனோ ரத்த வாயோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அஸ்ஸுந்தாவின் கையைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பழைய நஸரேனோ என் நாற்காலியில் உட்கார்ந்து, "தப்பு, தப்பு, தப்பு" என்று பொக்கை வாயால் சொல்லிச் சொல்லி அழுதான்.

எங்கள் பாண்டில் இப்போது டிரம்பெட் இல்லை. திருவிழா வந்தால் கிளாரினெட்டும் மேளமும்தான். அவன் வாயில் இருந்த நாட்டை நான் ஒரே காலையில் ஒழித்துவிட்டேன். மலைமேல் இருப்பது அப்படியே இருக்கிறது, அந்த அளவுக்கு என்னிடம் குறடு இல்லை.